சூரியநெல்லி ஆபீஸில் நியூட்ரல் சரியான நாள்

மூன்று கம்ப்யூட்டரும் ஒரே நாளில் செத்துப்போயின என்று போன் வந்தது. கொல்லங்கோட்டிலிருந்து பஸ் மாறி மாறி, மழையோடு சூரியநெல்லிக்கு ஏறினேன். நான் யு.பி.எஸ். சர்வீஸ் மெக்கானிக். அந்தத் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளை போர்டு அடிக்கடி கருகும். மாற்றிக் கொடுத்துவிட்டு இறங்குவேன். கிளார்க் ஜெசிந்தா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பாள். அவள் பேச்சுக்காகவே அந்த மலை எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பொண்ணு ஒழுங்கா ஷட்டவுன் பண்றதில்ல. கொழுந்து எடை போடுற இடத்துக்கு மாத்தப் போறேன்."

"தினமும் ஒழுங்காத்தான் ஆஃப் பண்ணுதேன்," என்று ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க."

போர்டை மட்டும் மாற்றிவிட்டு இறங்க மனசு வரவில்லை. பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. நாற்பது காட்டியது. சுவரிலிருந்த மெயின் ஸ்விட்ச் போர்டைத் திறந்தால், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியின் முனை கருகி, லூஸாக ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஆடினால் கரண்ட் வரும் மூன்று பேஸ் லைனில் ஒன்றில் வோல்டேஜ் இறங்கும், இன்னொன்றில் எகிறும். அங்கே இருந்த சாதா யு.பி.எஸ். அதைத் தடுக்காது.

"ஏனுங்க சார், இதுல இவங்க தப்பு ஒண்ணும் இல்லீங்க. நியூட்ரல்தான் போயிருக்குதுங்க."

மேனேஜர் குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். "செரி, அவ இங்கயே இருக்கட்டும். நீ இதை நல்லா செஞ்சு குடு," என்றார்.

சப்ளையை நிறுத்தி, கம்பி முனைக்கு, போல்ட்டில் மாட்டும் புது லக் போட்டேன். ஸ்பேனரைப் பிடித்தபோதுதான் தோன்றியது: இதை முறுக்கிவிட்டால் எனக்கு இங்கே இனி என்ன வேலை? முறுக்கினேன். அடுத்தடுத்த நாட்களில் புது எர்த் குழியும், வோல்டேஜைச் சீராக்கித் தரும் ஆன்லைன் யு.பி.எஸ்ஸும் வைத்து முடித்தேன்.

கிளம்பும்போது ஜெசிந்தா வாசல்வரை வந்தாள். "இனிமே வர மாட்டீங்கல்லா?"

"கம்ப்யூட்டர் கெட்டா வருவேனுங்க."

தேயிலைச் சரிவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதான் நல்லாப் பண்ணிட்டீங்களே," என்றாள்.

அதன்பிறகு அங்கிருந்து அழைப்பே வரவில்லை. வெகுநாள் கழித்து, சின்னக்கானலில் ஒரு வேலைக்குப் போனவன் அந்த ஆபீஸில் எட்டிப் பார்த்தேன். ஜெசிந்தா கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அவள் மேஜையில் வேறொருவர் டைப் செய்துகொண்டிருந்தார். திரை ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் போர்டை மாற்றும் முன் நியூட்ரலைப் பாருங்கள். யாரையும் குறை சொல்லும் முன்பும் அதைப் பாருங்கள். இன்னொன்று, ஒருவரைப் பார்க்கப் போவதற்கு ரிப்பேர் எதுவும் வேண்டியதில்லை. எனக்கு இது அந்த மலையை விட்டு இறங்கிய பிறகுதான் தெரிந்தது.