நேராக விட்ட கோடு

திரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் வெற்றிச்செல்வன். எந்தக் கல்யாண வீடியோவைத் திறந்தாலும் முதலில் மஞ்சள் துணியால் ஒரு துடை. "தூசிக்கும் சேத்து கலர் ஏத்தி வெச்சிடுவேங்க. அப்புறம் பேஜாரு."

திண்டிவனத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியறை. இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க்குகள். வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போகவேண்டியதுதான். அக்காவின் கல்யாண வீடியோவை வாங்கப் போன நானும் அப்படித்தான் நின்றேன். அவர் வேலை செய்வதைப் பார்த்து மயங்கி, பிறகும் அடிக்கடி போய் நின்றேன்.

திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம். கீழ் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஏறும் ஒரு சாய்கோடு. 'கர்வ்' என்கிறார். கோட்டின் நடுவே ஒரு புள்ளி வைத்து மேலே இழுத்தால் கோடு வில்லாக வளையும், முகம் வெளுக்கும். கீழே இழுத்தால் கறுக்கும். பேராசைப்பட்டு அடிப்பகுதியையும் தூக்கிவிட்டால் கூந்தல் சாம்பல் பூத்துவிடும்.

"பொண்ண கொஞ்சம் ஏத்திடுங்கண்ணா." வருகிற வீட்டார் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பெண்ணைப் பெற்றவளே சொல்வாள். இவரும் ஏற்றுவார். "மாவு மூட்டைலேர்ந்து எழுந்து வந்தாப்ல இருக்கும். இன்னா பண்றது? கல்யாணம் அவங்களுது."

ஒருமுறை விழுப்புரம் பஸ்ஸில், தான் எடிட் செய்த மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். "அவங்க எந்த எடத்துல அழுதாங்கன்னுகூட எனக்குத் தெரியும். அவங்களுக்கு நான் யாருங்க?" சொல்லிவிட்டு அவர் மறுபடியும் திரையைத் துடைத்தார்.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. போன வருடம் தரகர் மாசிலாமணி ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் வீட்டுக்கு அனுப்பிய தன் வீடியோவில், தொழில் பழக்கத்தில், தன் முகத்தையும் ஏற்றிவிட்டார் இவர். பெண்ணின் அம்மா நேரில் வந்தாள். கதவைத் திறந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். "மாப்ள உள்ள இருக்காரா? கூப்புடுப்பா" என்றாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வெளிய போயிருக்காருன்னு சொல்லிட்டேங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நேற்று மாலை நான் நின்றுகொண்டிருந்தபோது மாசிலாமணியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "வானூர்ல ஒரு பொண்ணுப்பா. அருணான்னு பேரு. தோல் பை தெச்சிக்கினு இருக்குது, வயசும் உன்ன ஒட்டித்தான். ஒன் வீடியோ கேக்குது. பளிச்சுனு அனுப்பு, ஜல்தி! இதுவும் போச்சுன்னா என்ன தேடிக்கினு வராத."

ஜன்னலோரம் நின்று செல்போனில் தன்னையே எடுத்தார். "வணக்கங்க, நான் வெற்றிச்செல்வன்." அவ்வளவுதான் பேச வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரையைத் துடைத்தார். கன்னத்து அம்மைத் தழும்போடு, கருகருவென்று அவர் முகம். கை தானாகவே கோட்டின் நடுவே புள்ளி வைத்தது, இழுத்தது. முகம் வெளுத்தது. தழும்பு மறைந்தது. போன வருடத்து மாப்பிள்ளை வந்து நின்றார்.

வேண்டாம் என்று கத்தத் தோன்றியது. எப்படிச் சொல்வது? வாழ்க்கை அவருடையது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியை அழித்தார். கோடு விறைத்து நேரானது. தழும்பு திரும்பி வந்தது. அப்படியே வாட்ஸப்பில் அனுப்பினார். ஒரு டிக், இரண்டு டிக். நீலமாகவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து, நாற்காலியிலிருந்த ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். எனக்காக என்று நினைத்து ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் கவனிக்கவில்லை. மஞ்சள் துணியை உதறி, சாயும் இடம், கைப்பிடி, கால்கள் என்று நாற்காலியை முழுக்கத் துடைத்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில், திரை தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டார்.