ஆடியில் எடுத்த படம்

மலர்க்கொடி இதுவரை வெட்டி ஒட்டிய கல்யாணங்கள் ஆயிரத்தைத் தாண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெயப்பிரகாஷ் நடத்தும் வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் முழுக்க அவள் கையில்தான். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் தும்மினால் அந்தத் தும்மல் காணாமல் போய்விடும். மாமனார் முறைத்தால் அதைத் தூக்கிவிட்டு, பந்தியில் அவர் பாயசத்தைப் பார்த்துச் சிரித்ததைக் கொண்டுவந்து அங்கே வைப்பாள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் இப்படி அழகாக்கிக் கொடுக்கிறவள் தான் கட்டிக்கொள்ளவில்லையே என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு குறை இருந்தது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயதானபோது அவர்களுக்கே அது அலுத்துப் போயிற்று.

அவளுக்கு அப்படிக் குறையெல்லாம் இல்லை. புதுப்பாளையத்து வாடகை வீட்டில் இளவரசியோடு பதினாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். இளவரசி நர்ஸ். சிதம்பரத்தில் படித்த காலத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். ஊருக்கு அவர்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் தோழிகள். புவனகிரியில் இருக்கும் அண்ணன் சடையப்பனுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர். உண்மை தெரிந்தால் அண்ணன் வீட்டுப் படி ஏற முடியாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அண்ணன் விஷயம் வேறு.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதத்தில் சிதம்பரத்திலிருந்து இலக்கியா என்ற பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஆடியில் கல்யாணம் கிடையாது; கேமராக்கள் பீரோவில் தூங்கும்; கால்வாசி வாடகைக்குக் கிடைக்கும். சினிமாக்காரர்கள் பூஜை போட நல்ல நாள் தேடுவார்கள். இந்தப் பெண்ணுக்கோ நல்ல நாளே இல்லாத மாதம்தான் கட்டுப்படியாயிற்று. பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரும்புகிற கதை என்றாள். நடிக்கப் போகிறவர்கள் இரண்டு பேரும் காலேஜ் பெண்கள். எடிட்டிங்குக்கு ஆள் இல்லை, தர ஒன்றும் பெரிதாக இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். மலர்க்கொடி யோசிக்கக்கூட இல்லை.

இந்த மாதிரிச் சின்னப் படங்களை அவளும் இளவரசியும் ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பில் தேடித் தேடிப் பார்ப்பார்கள். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ கைக்காசைப் போட்டு எடுத்தவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் முக்கால் மணி நேரம் சந்தோஷமாக இருப்பார்கள். அதற்குப் பிறகு ஒருவர் செத்துப்போவார், இல்லை பெற்றவர்கள் பிரித்துவிடுவார்கள். இளவரசிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "லைட்டு வாங்கக் காசில்லையாம், சாவுக்கு மட்டும் எங்கேருந்துடி பட்ஜெட் வருது இவுங்களுக்கு?" என்பாள்.

இலக்கியாவிடமும் வீடு பிடிக்கக் காசில்லை. மலர்க்கொடி தங்கள் வீட்டையே கொடுத்தாள். நாலு நாள் சமையலறையில் ஷூட்டிங் நடந்தது. மீதியெல்லாம் சிதம்பரம் ரயில் நிலையத்திலும் தெருக்களிலும் எடுத்தார்கள். கடைசியில் இரண்டு பெண்களும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருக்க ரயில் வந்து நிற்கும். அதற்குமேல் என்ன ஆகிறது என்று இலக்கியா இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் ஒரு பெண்ணுக்குப் பரீட்சை வந்துவிட்டதால் படம் அப்படியே நின்றது.

ஆவணியில் அண்ணன் மகள் இளமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காடாம்புலியூர். பலாவும் முந்திரியுமாக வசதியான குடும்பம். அந்தக் கல்யாண வீடியோ வேலையும் மலர்க்கொடியிடம்தான் வந்தது. முதலாளி கண்ணில் படவேண்டாமென்று அதுவரை வெட்டி, கடைசியில் நன்றி கார்டும் போட்டு வைத்திருந்த படத்தை அவள் இளமதி கல்யாண ஃபோல்டருக்குள்ளேயே ஒளித்து வைத்தாள். அவள் வீட்டுக் கல்யாணத்தை அவர் ஏன் திறந்து பார்க்கப் போகிறார்? புத்திசாலித்தனம்தான். ஆனால் கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எந்தக் கல்யாணமானாலும் முழு ஃபோல்டரையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றி, பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று கொடுப்பது அவள் வழக்கம். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் நேரில் வந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார். விருந்துக்கு வந்திருந்த இளமதியும் மாப்பிள்ளையும் அன்று சாயங்காலமே தங்களுடையதை எடுத்துக்கொண்டு காடாம்புலியூர் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"மலரு, பென் டிரைவுல கல்யாணம் முடிஞ்சதும் வேற ஒரு படம் ஓடிச்சிம்மா. ரெண்டு பொண்ணுங்க வருதுங்க. ஒங்க வீட்டு மிக்சி வருது. நாங்க குடுத்த கொடம் இந்தாம் பெருசா வருது, அதுல ஒங்க அண்ணன் பேரு பளிச்சுனு தெரியுது. கடைசில நன்றின்னு போட்டு ஒம் பேரும் இளவரசி பேரும் சேத்துப் போட்டுருக்கு."

மலர்க்கொடி சமையலறையில் இருந்த குடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்தவர் வீட்டுத் தும்மலையெல்லாம் எடுத்தவளுக்கு, சொந்த அண்ணன் பேர் வெட்டிய எவர்சில்வர் குடம் கண்ணில் படவில்லை.

"அண்ணன் பாத்தாராண்ணி?"

"முழுசும் பாத்தாரு. வண்டிய எடுத்துகினு கெளம்பிட்டாரு, எங்கன்னும் சொல்லல. நீ மொதல்ல வா."

இளவரசி டூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன் என்றாள். "வேணாம், வசவு வாங்குனா நான் ஒருத்தி வாங்கிக்கிறேன்" என்று மலர்க்கொடி தடுத்துவிட்டாள்.

புரட்டாசி சனிக்கிழமை. திருவந்திபுரம் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டிருந்தது. எப்படியோ ஏறி, சிதம்பரத்தில் மாறி, புவனகிரிக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வழி நெடுக அவள் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். தன் விஷயம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், இன்னொரு பென் டிரைவ் சம்பந்தி வீட்டில் இருக்கிறதே. அவர்களும் பார்த்துவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

அண்ணி தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் வரும்வரை மலர்க்கொடி வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. சடையப்பன் தலையெல்லாம் புழுதியாக உள்ளே வந்தார். தங்கையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தார். பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுப் பென் டிரைவ்.

"காடாம்புலியூரா போய்ட்டு வரீங்க?" என்று அண்ணி வாய் பிளந்தாள்.

"ஆமா. பாட்ட மாத்திப் போட்டுட்டா எந் தங்கச்சி, சரி பண்ணித் தரோம்னு வாங்கியாந்துட்டேன். படையல் முடியாம டிவி போடக் கூடாதுன்னு சம்பந்தியம்மா சாமி படத்துகிட்ட வெச்சிருந்தாங்க. யாரும் பாக்கல."

மலர்க்கொடிக்கு உயிர் திரும்பி வந்தது. அழுகையும் கூடவே வந்தது. திட்டப் போகிறார் என்று அவள் நினைத்திருந்த மனிதர், யாரும் அவளைத் திட்டிவிடக் கூடாதென்று வடலூர் வழியாக வெயிலில் போய்த் திரும்பியிருக்கிறார்.

"அங்கல்லாம் இப்பத்திக்கு எதுவும் தெரிய வேணாம். பொண்ணு போன எடம். சொல்லலாமா வேணாமான்னு அப்பறம் பாக்கலாம்" என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமலே. பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அது கெடக்கட்டும். ரயிலு வந்து நின்னுச்சே, அப்பறம் அந்தப் பொண்ணுங்க என்னா ஆவுதுங்க?"

"இன்னும் எடுக்கலண்ணே."

"எடுக்கலன்னா? பிரிச்சி வுட்டுட்டாங்களா, இல்ல ஒண்ணா இருக்குதுங்களா? போறப்பவும் வரப்பவும் அதாண்டி மண்டையக் கொடையுது."

சமாளித்துவிடலாம் என்று மலர்க்கொடிக்கு ஒரு கணம் தோன்றியது. சமாளித்துச் சமாளித்து அலுத்துப் போயிருந்தது.

"ஒண்ணாத்தாண்ணே இருக்காங்க. பதினாலு வருஷமா. புதுப்பாளையத்துல."

அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அண்ணி அப்படியே நின்றாள். சடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படத்திலேயே பாதி புரிந்திருக்கும். இருந்தாலும் அவள் வாயால் கேட்பது வேறு.

"யாராச்சும் தொந்தரவு பண்றாங்களா ஒங்கள?"

"இல்லண்ணே."

"வாடகை வாங்குற வீட்டுக்காரரு?"

"நல்ல மனுசருண்ணே."

"அப்பறம் யாருக்குப் பயந்துகினு இத்தினி வருஷம் சொல்லாம இருந்த?"

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒனக்குத்தாண்ணே."

சடையப்பன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, "எனக்காடி?" என்றார்.