ஜெயவேலு அண்ணன் பார்த்த கோல்

பீர்க்கன்கரணையில் ஜெயவேலு அண்ணனைத் தெரியாதவர் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலையில் சிமெண்ட், கம்பிக் கடை. அவர் அப்பா நெல் விளைவித்த நிலத்தில் இன்று நான்கு வாடகை வீடுகள். அதற்கெல்லாம் அவர் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயதில், கோடையில் வற்றிப்போன ஏரிக்குள் நடந்த பந்தாட்டத்தில் கோல்கீப்பராக நின்றதைக் கேளுங்கள், கடை பூட்டுவதையே மறந்துவிடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் இருபத்திரண்டு வருடமாக ஒரு கோலைக்கூட அது விழும்போது பார்த்ததில்லை. காரணம், அவருடைய கண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர்.

நான் எதிர்வீட்டுக்காரன், கூடவே இருந்தவன், சொல்கிறேன். ஒரு உலகக் கோப்பை சமயம், தெருவே அவர் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நாங்கள் கட்சி கட்டிய அணி அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கியது. அண்ணனுடைய மனைவி சந்திரிகா அக்காவின் தம்பி தனக்கோடி சட்டென்று, "மாமா, நீ பார்த்தாலே அவுட்டாவுது. உன் கண்ணு ராசியில்ல. கொஞ்சம் வெளிய போய் நில்லேன்" என்றான். அண்ணன் எழுந்து வாசல்படிக்குப் போனார். இரண்டாவது நிமிடம் எங்கள் ஆள் கோல் போட்டான். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மேட்ச் ஆனாலும், பந்து கோல் பக்கம் நெருங்கினாலே எங்களில் யாராவது ஒருவர் "அண்ணா, கொஞ்சம்..." என்று இழுப்பார். அவரும் மறுபேச்சில்லாமல் படியில் போய் நிற்பார். உள்ளே கூச்சல் கேட்டதும் ஓடிவந்து ரீப்ளே பார்த்துக்கொள்வார். நானும் இழுத்திருக்கிறேன். ஒரு முறை நல்ல மழையில்.

போன வருடம் கோலாலம்பூரிலிருந்து மகள் சினேகா கூப்பிட்டாள். அங்கே கோப்பைக்கான இறுதிப் போட்டி, அப்பா ஒரு தடவையாவது மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று டிக்கெட்டே எடுத்துவிட்டாள். அண்ணனும் அக்காவும் கிளம்பினார்கள். யாரும் கூப்பிடாமலே தனக்கோடியும் கிளம்பினான். மருமகன் மோகன்ராஜ் கீழ்க்கட்டளைப் பையன். மூன்றே வருடத்தில் அந்த ஊர் மஞ்சள் சட்டை அணிக்காக உயிரை விடும் ஆளாகியிருந்தார். மாமனாருக்கும் ஒரு மஞ்சள் சட்டை வாங்கி வைத்திருந்தார், இரண்டு அளவு பெரிதாக.

அங்கே நடந்ததைச் சந்திரிகா அக்கா சொல்லித்தான் கேட்டேன். தனக்கோடியும் மறுக்கவில்லை.

அண்ணன் வரிசையின் ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். பந்து நடுமைதானத்தில் இருக்கும்வரை உட்கார்ந்திருப்பார். கோல் பக்கம் நெருங்கினால், யாரும் சொல்லாமலே எழுந்து பின்னால் இருக்கும் நடைவழிக்குப் போய்விடுவார். பந்து திரும்பியதும் வந்து உட்காருவார். முதல் பாதியிலேயே ஒன்பது தடவை. பின்வரிசை மலாய்க்காரர் ஒருவர் இரக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மாத்திரை அட்டையை நீட்டினார். மஞ்சள் சட்டைக்காரன் ஒரு கோல் போட்டபோது அண்ணன் வெளியே. ஓடிவந்து, "ரீப்ளே போட்டாங்களா?" என்று கேட்டார். பெரிய திரையில் குளிர்பான விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டைக்காரன் திருப்பிப் போட்டபோதும் அண்ணன் வெளியேதான்.

ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. கடைசியில் டைபிரேக்கர், அணிக்கு ஐந்து பேர் வந்து கோல்கீப்பருக்கு நேராக ஆளுக்கு ஒரு பந்து அடிக்க வேண்டும். மோகன்ராஜ் நகத்தைக் கடித்துக்கொண்டே திரும்பினார்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம்..."

சினேகா பொங்கிவிட்டாள். "எங்கப்பாவை வெளிய நிக்க வைக்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தோம்?"

"வுடும்மா. மாப்ள ஆசைப்படறாரு. எனக்குப் பழக்கந்தானே" என்று அண்ணன் எழுந்து, அந்தத் தொளதொள சட்டையோடு படியேறிப் போனார்.

அந்தப் 'பழக்கந்தானே' தனக்கோடியை என்னவோ செய்துவிட்டது. தானும் எழுந்து போனான். நடைவழியில், கழிப்பறைச் சுவரைப் பார்த்தபடி அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னாடா, போட்டாங்களா?"

"இன்னும் ஆரம்பிக்கல. மாமா, நீ உள்ள வா. உன் கண்ணுல ஒண்ணும் இல்ல."

"பேஜார் பண்ணாத மச்சான். மாப்ள அங்க தவிச்சிக்கினு கீறாரு."

"மாமா, கேளு. அன்னிக்கு ஃபேனுக்கு நேரா அந்த ஒயர் சேர்ல நீ குந்திகினு இருந்த. எனக்கு வேர்த்து ஊத்துச்சு. உன்ன எழுப்ப வேற வழி தெரியல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ போனதும் அவன் கோல் போட்டுட்டான். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

அண்ணன் அவனையே பார்த்தார்.

"சேருக்காடா?"

"ஆமா மாமா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று தனக்கோடி என்னிடம் சொன்னான். அண்ணன் உள்ளே போனார், உட்கார்ந்தார். மோகன்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சினேகா முறைத்ததும் மூடிக்கொண்டார்.

முதல் பந்து வலைக்குள் போனது. எல்லாரும் குதித்தார்கள். அண்ணன் குதிக்கவில்லை. வலையில் மோதிய பந்து உருண்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம். அப்படி ஒன்பது பந்தையும் கண்கொட்டாமல் பார்த்தார். பத்தாவது, கடைசிப் பந்தைச் சிவப்புச் சட்டைக்காரன் அடித்தான், உள்ளே போனது, மஞ்சள் அணி தோற்றது. மோகன்ராஜ் தலையைப் பிடித்துக்கொண்டார். தனக்கோடி முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"மாமா, நான் சொன்னது பொய்தான். ஆனா மெய்யாலுமே ஆயிடுச்சே!"

"ஆவட்டும். இனிமே நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார் அண்ணன். கோப்பையை இழந்த கூட்டத்தில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்த ஒரே மஞ்சள் சட்டை இந்த மனுஷன்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அக்கா.

அவர்கள் ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, வழக்கம்போல மேட்ச் பார்க்கப் போனேன். ஃபேனுக்கு நேர் கீழே ஒயர் சேரில் அண்ணன் அமர்ந்திருந்தார். தனக்கோடி கதவோரம் தரையில், துண்டால் விசிறிக்கொண்டு. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம், எங்கள் அணி ஒரு கோல் பின்னால். பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணா, கொஞ்சம்..."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. "கொஞ்சம் தண்ணி குடுங்க அண்ணா" என்று மாற்றினேன். பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து நீட்டினார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அப்போதுதான் எங்கள் ஆள் கோல் போட்டான். நாங்கள் எல்லாரும் எழுந்து கத்தினோம். அண்ணன் மட்டும் சேரை விட்டு அசையாமல் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீப்ளே வந்ததும் கண்களை மூடிக்கொண்டு சாய்ந்தார்.

"இன்னாண்ணா, பார்க்கலியா?"

"இத்தத்தான் இருபத்திரண்டு வருசமா பார்த்தேனே" என்றார்.