குவைத் காகிதங்களின் பின்பக்கம்

திட்டம் போட்டு ஒட்டினால் படம் செத்துப்போகும் என்பது என் கட்சி. பத்து வருஷத்துக்கு மேலாக அந்தக் கட்சியில்தான் இருந்தேன். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் வீட்டில் உட்கார்ந்து ஒட்டுச்சித்திரம் செய்வேன். பழைய கலண்டர், கல்யாணக் கார்ட், பிளவுஸ் தைத்து மிஞ்சிய துண்டு, தேயிலைப் பக்கற்றுக்குள் இருக்கும் வெள்ளித்தாள், எது கிடைத்தாலும் சரி. மட்டையில் பசையைத் தடவிவிட்டு, கை எதை எடுக்கிறதோ அதை வைத்து அழுத்துவேன். ஏன் இந்தச் சிவப்பு இந்த இடத்தில் என்று கேட்டால் எனக்கே தெரியாது. தெரியாமல் வைத்ததுதான் பெரும்பாலும் சரியாக வரும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் எடுக்கும் சேருக்கு இது ஆகவே ஆகாது. அவர் ஒரு துண்டு ஒட்ட ஒரு வாரம் எடுப்பார். பசை இல்லாமல் எல்லாவற்றையும் அடுக்கி, போனில் படம் பிடித்து, ஒரு நாள் அப்படியே விட்டு, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பென்சிலால் இலக்கம் போட்டு, அதற்குப் பிறகுதான் பசை டப்பாவைத் திறப்பார்.

"டீச்சர், நீங்க ஒட்டுறதப் பாத்தா யாரோ பின்னால துரத்துற மாதிரி இருக்கு" என்பார்.

"நீங்க படமா செய்றீங்க சேர்? காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் எண்ணுற மாதிரியில்ல இருக்கு" என்பேன் நான்.

இப்படியே இருந்திருக்கலாம். என் கெட்ட நேரம், ஒரே ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டேன்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது எனக்குப் பதினைந்து. நடுவில் ஒரு நாள்கூட லீவில் வரவில்லை. வருஷத்துக்கு மூன்று, நாலு தடவை சாமான் வரும். லீவில் வந்த யாரோ கொண்டுவந்து ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனதாக அப்பா சொல்வார். அவர் போய் எடுத்து வருவார். சோப்பு, பவுடர், டொபி, தலைக்குப் போடும் கிளிப். சாமான் தீர்ந்துவிடும். சுற்றியிருந்த காகிதங்களை நான் எறிய மாட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு, நீவி, ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பேன். அதுதான் எனக்கு அம்மா. அம்மாவை விடாத அந்த அரபு வீட்டு மேடத்தை நான் திட்டாத திட்டு இல்லை. சாமி விளக்குக்கு முன்னால் நின்று, அவளுக்குக் கை கால் விளங்காமல் போக வேண்டும் என்றெல்லாம் வேண்டியிருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு விஷம்.

அந்த டின்னில் இருந்த ஒரு துண்டைக்கூட இவ்வளவு காலமும் நான் எந்தப் படத்திலும் ஒட்டியதில்லை. இந்த வருஷம் அம்மாவுக்கு அறுபது முடிகிறது. அப்பா இறந்து மூன்று வருஷம். வீட்டில் நானும் அம்மாவும்தான். எங்கள் பக்கம் பெரியவர்களுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் எனக்காக அந்த மனுஷி பாலைவனத்தில் கிடந்த ஏழு வருஷத்தை ஒரு படமாகச் செய்து, சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. டின்னைத் திறந்து, முதலில் எடுத்த துண்டைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். இது கலண்டர் இல்லை, பிழையாகிப் போனால் இன்னொன்று வாங்க முடியாது. போகட்டும், இந்த ஒரு தடவை சேரின் கட்சிக்கு மாறுவோம் என்று முடிவெடுத்தேன்.

முன்னறைத் தரையில் பெரிய பிறிஸ்டல் போட் மட்டை விரித்தேன். வலது பக்கம் நாங்கள் முன்பு இருந்த லயத்து வரிசை வீடு, மண்ணிறத் தாள்களில். இடது பக்கம் குவைத், தங்கத் தாள்களில், அதற்குள் சின்னதாக அம்மா. நடுவில் கடல். நீலச் சோப்பு உறைகள் மட்டுமே முப்பதுக்கு மேல் இருந்தன. அத்தனையும் கடலுக்குப் போயின. பாதிப் படம் கடல்தான். அந்த உறைகளில் பலவற்றில் சதுரமாக, ஒரு தபால் முத்திரை அளவுக்கு, மேல்தாள் உரிந்து வெள்ளை தெரிந்தது. பழசாகி உரிந்தது என்றே நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளையையும் அலை நுரை வரும் இடத்தில் வருகிற மாதிரி வைத்தேன். என்ன அழகாக அமைகிறது பார், கைக்குத் தெரிகிறது பார் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். என் கைக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் இலக்கம் போட உட்கார்ந்தேன். இலக்கம் முதுகில் போட வேண்டும், அதனால் ஒவ்வொன்றையும் திருப்பினேன். பதினேழாவது, பிரித்துத் தட்டையாக்கிய ஒரு சொக்லட் பெட்டி. நான் வயசுக்கு வந்து சடங்கு வைத்து இரண்டு நாளில் வந்த பெட்டி அது. மேலே பொன் நிறம், கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். "அன்பு மகளுக்கு, அம்மா, குவைத்" என்று அதில் எழுதியிருக்கும். பதின்மூன்று வயதில் அந்த எழுத்தைத் தடவித் தடவியே தூங்கியிருக்கிறேன். அதைத் தனியாக எடுத்து அம்மாவின் உருவத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று நினைத்து, ஈரத் துணியை அதன்மேல் வைத்தேன். கோதுமை மாப் பசைதான், கொஞ்ச நேரத்தில் இளகிவிட்டது. தாள் முழுசாகக் கழன்று வந்தது.

அதற்குக் கீழே ஒரு கடை ஸ்டிக்கர். சிங்களத்தில் கடைப் பெயர், அதன் கீழே கொழும்பு 6, ரூபாயில் விலை, பெட்டி கட்டிய திகதி. என் சடங்குக்கு மூன்று நாளைக்கு முந்தைய திகதி.

நான் மந்தபுத்திக்காரி இல்லை. ஆனாலும் அதை நாலு தடவை வாசித்தேன். பிறகு கடலைக் கலைத்து, வெள்ளை தெரிந்த உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எதுவும் பழசாகி உரியவில்லை. எல்லாம் நகத்தால் சுரண்டியது. ஒன்றின் மூலையில் ரூபாய்க் குறியின் பாதி மிஞ்சியிருந்தது. அந்தத் தாளில் இருந்த கையெழுத்தையும் இப்போது பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து. அப்பாவின் ‘ன’ எனக்குத் தெரியாதா? அதை அம்மாவின் கையெழுத்தென்று இருபது வருஷம் நம்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் வெட்டி ஒட்டியவர் அப்பாதான் போலிருக்கிறது. அதுவும் சுத்தமான வேலை.

அம்மா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன்.

"அம்மா, இது என்ன?"

பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பயந்தோ அழுதோ ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "ஒங்கப்பா கவனிச்சு மறைச்சிருக்காரு."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கொழும்புல, வெள்ளவத்தையில."

"எத்தன வருஷம்?"

"ஏழு வருஷமும்."

"குவைத்து?"

"போகவே இல்ல புள்ள. மெடிக்கல்ல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. என்னமோ தழும்பு தெரியுதுன்னு வேணான்னுட்டாங்க."

"அப்ப வீட்டுக்கு வர வேண்டியதுதானே?"

அம்மா ரொட்டியைத் திருப்பினார். கருகியிருந்தது. "எப்பிடி வர்றது? ஒனக்கு ஞாபகம் இருக்கா, இல்லியா? கோயில்ல பூச வச்சு, மால போட்டு, தோட்டமே வந்து வேன்ல ஏத்தி வுட்டுச்சு. ஆளுக்கு ஒரு சாமான் கொண்டாரச் சொல்லி அனுப்புனாங்க. மூணாம் நாளு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து பெரட்டுல நிப்பேன்? போனவ திரும்பி வந்துட்டான்னு சாகுற மட்டும் சொல்லிச் சிரிப்பாங்க. அங்கேயே ஒரு வீட்டுல வேல கெடச்சுது. ஒங்கப்பாகிட்ட மட்டும் சொன்னேன்."

"ஏழு வருஷம் என் காதுல பூ சுத்தியிருக்கீங்க, ரெண்டு பேரும்."

"நீ சின்னப் புள்ள. வெளையாடுற எடத்துல வாய் தவறிச் சொல்லிட்டீன்னா?"

அதாவது, என்னை நம்பவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து, என் வாயைத்தான் முதலில் அடைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் மணல் காற்று அடித்தால் வீட்டுக்குள் எப்படி மண் நிரம்பும் என்று அம்மா சொன்ன கதைகளை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே! கேட்டேன். வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டில் வேலை செய்த ஒருத்தி குவைத்துக்குப் போய் வந்தவளாம், அவள் சொன்னதாம். கடைசியில் வாடகை வேனில், இரண்டு பெரிய பெட்டியோடு, லயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சோப்புக் கொடுத்துக்கொண்டு வந்து இறங்கினாரே, அது? எல்லாம் கொழும்பில், புறக்கோட்டைக் கடைகளில் வாங்கியதாம். அடேயப்பா, என்ன ஒரு திட்டம்! சேர் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

"கடலாச்சும் கண்டீங்களா?" என்று கேட்டேன், குத்திக் காட்டத்தான்.

"கண்டேனே. மாடியில துணி காயப் போடுறப்ப தெனமும் தெரியும்" என்றார்.

முன்னறைக்கு வந்தேன். தரையில் என் படம் கிடந்தது. எந்த யோசனையும் இல்லை, கை தானாகப் போனது. நீலத் தாள் எல்லாவற்றையும் வாரி எடுத்தேன். நடுவில் பெரிய வெறும் இடம். பிறகு குவைத்தை லயத்துப் பக்கம் தள்ளினேன், முட்டுகிற வரைக்கும். அம்மாவின் உருவம் எங்கள் வாசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு கிட்டத்திலா இருந்தார்? கொழும்பிலிருந்து காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் ஹட்டன். கடல் இருந்தது என்பதால்தானே நான் பொறுத்துக்கொண்டேன்? இல்லாத கடலுக்கு முப்பது தாள் செலவழித்திருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு கிழமை நான் அம்மாவோடு பேசவில்லை. சோறு வைப்பார், சாப்பிடுவேன். அப்பாவின் படத்துக்கு விளக்கு வைக்கச் சொன்னார், எழும்பி வெளியே போய்விட்டேன். செத்துப்போனவரோடு சண்டை போட முடியாது என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சேர், "அடுக்கிப் பாத்தீங்களா டீச்சர்? வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார். "நல்லாத் தெரியுது சேர்" என்றேன்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் ஸ்டிக்கரைச் சுரண்டி அனுப்பிய அம்மா, அந்தப் பெட்டியில் மட்டும் ஏன் விட்டார்? மறதியா? ஏழு வருஷம் மறக்காத மனுஷி, அந்த ஒரு தடவையா மறப்பார்? ஞாயிற்றுக்கிழமை, அம்மா வாசலில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

அம்மா முடிச் சிக்கு ஒன்றை விரலால் எடுத்தார். பிறகு, "அத நான் குடுத்தனுப்ப வாங்கல" என்றார். "கையிலயே கொண்டாந்து ஒனக்குக் குடுக்க வாங்குனேன். போதும், வர்றது வரட்டும்னு நெனச்சேன். நான் எங்கயும் போகல, கொழும்புலதான் இருக்கேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடுவோம்னு. அதான் சுரண்டல."

"வந்தீங்களா?"

"வந்தேன். ஒன் சடங்கன்னைக்கு. ஹட்டன் வரைக்கும்."

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா, நம்ம தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க. சடங்குக்கு வாழயில வாங்கிட்டு. குவைத்துக்குன்னு கெளம்புனப்ப என்னய வேன்ல ஏத்தி வுட்டவங்கதான். என் கையில ஒரு சொப்பிங் பேக். காலுல பாட்டா செருப்பு. வெளிநாட்டுல இருந்து வர்றவ அப்பிடியா வருவா? கடைக்குப் பின்னால மறஞ்சு நின்னேன். நின்ன எடத்துல கால் வரல. பெட்டிய அந்தப் புடவக் கடையில குடுத்துட்டு, அடுத்த ரயில்ல திரும்பிட்டேன்."

"எத்தன மணிக்கு?"

"ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

ஹட்டனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். நாலு மணிக்கு வந்திருப்பார். அன்றைக்கு என்னை மணையில் உட்கார வைத்து ஆலாத்தி எடுத்தது ஐந்து மணிக்கு. அம்மா நிற்க வேண்டிய இடத்தில் பெரியம்மா நின்றார். நான் அழுதபடியால் கண் மை கன்னமெல்லாம் ஓடி, எல்லா போட்டோவிலும் அப்படியே இருக்கிறேன். "அந்த மேடம் லீவு குடுக்கலம்மா" என்று அப்பா என் காதில் சொன்னார். அப்போது அம்மா ரயிலில் இருந்திருக்கிறார். கொழும்பைக்கூட ஒரு நாள் நான் மன்னித்துவிடுவேன், எனக்குத் தெரியும். பயந்த மனுஷி, வேறு வழி தெரியாமல் செய்தார் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் இந்த ஹட்டனை என்ன செய்ய?

பிறந்ததிலிருந்து அம்மாவை "நீங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வாய் தவறவில்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

"அவங்க ரெண்டு பேரும் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்கன்னு, எனக்காக நீ ஒரு தடவ நெனக்கல இல்ல?"

அம்மா ஈரத் தலையை முன்னால் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஹட்டன்ல நம்ம பக்கத்துக்கு பஸ் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு" என்றார், முடிக்குள் இருந்து. "காலியாதான் நின்னுச்சு."