ரெப்ரிக்கு வந்த வரி நோட்டீஸ்

சனிக்கிழமை சாயங்காலம் விசில் ஊதப் போகிறவன் இரண்டு ஊர்க்காரர்களுக்குப் பயப்பட வேண்டும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும்; சர்க்காருக்கும் பயப்பட வேண்டும் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பெனால்ட்டி

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் நான் வாத்தியார். சனிக்கிழமைகளில் கால்பந்து ரெப்ரி. ஆட்டத்துக்கு ஐந்து ரூபாய். ஒருமுறை சேரன்மாதேவியில், ஆட்டம் முடியப்போகிற நேரம், உள்ளூர் ஆள் ஒருவர் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டிவிட்டார். ஊதினேன். வெளியூர்க்காரர்கள் கோல் போட்டு ஜெயித்தார்கள்.

கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்தது. கழற்றி வைத்த மேல்சட்டையைக்கூட எடுக்காமல், என்னைக் கூட்டிவந்த குதிரை வண்டிக்குள் போய் விழுந்தேன். கூரைமேல் கல் விழுந்துகொண்டே இருந்தது. மேலப்பாளையத்து வண்டிக்காரர் காதர் சாயபு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வாத்தியாரே, தலைய உள்ள வச்சுக்கிடுங்க. குதிரையும் உங்கள மாதிரித்தான் பயந்து போயிருக்கு."

நோட்டீஸ்

வருஷக் கடைசியில், வகுப்பு நடக்கும்போதே தாலுகா கச்சேரிச் சேவகர் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் வந்தால் வருமான வரி. என் சம்பளம் அதற்குச் சற்றுக் கீழே. ரெப்ரிக் கூலி சேர்ந்ததும் மேலே போய்விட்டது. அபராதமும் போடுவார்களோ, வேலைக்கே ஆபத்தோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செலவைக் கழித்துக் காட்டினால் தப்பலாம் என்றார்கள். பூட்ஸ், விசில், வண்டிக்காரருக்குக் கொடுத்த வண்டிச்சத்தம் என்று எழுதினேன். அதை எட்டிப் பார்த்து மனைவி கேட்டாள்: "பந்தை அடிக்கவனுக்கு வரி இல்ல. ஓரமா ஊதுத உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

கைநாட்டு

வண்டிச்சத்தத்துக்கு ரசீது வேண்டுமே என்று, அதை நானே எழுதி, கைநாட்டுக்கு மசியும் எடுத்துக்கொண்டு காதர் சாயபுவிடம் போனேன். மசியைக் கண்டதும் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தேன். "நான் கைநாட்டு வச்சா, அந்தக் காயிதம் உங்கள விட்டுட்டு என் வீட்டைத் தேடி வரும் வாத்தியாரே. எனக்கு அஞ்சு பிள்ளைய" என்றார்.

கச்சேரி

தாலுகா கச்சேரி குமாஸ்தா என் கணக்கில் முதலில் பூட்ஸை அடித்தார். "இதைப் பள்ளிக்கூடத்துக்கும் போட்டுக்கிட்டுத்தான போறீரு" என்றார். விசிலை விட்டுவைத்தார். 'சேரன்மாதேவி வண்டிச்சத்தம்' என்ற இடத்தில் பேனா நின்றது. ரசீது கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"அந்த ரெப்ரி நீருதானா? எனக்கு அந்த ஊருதான்" என்று பைய கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "பந்து கையில பட்டதா?" இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். வாயில் வந்தது, "பட்டது." அவர் ஏதோ எழுதி, காகிதத்தை மடித்தார். "வரி கிடையாது, போம். வண்டிக்கு ரசீதும் வேண்டாம் வே. நீரு ஏறி ஓடினதுக்கு நானே சாட்சி. பின்னால கல்லோட வந்தவன்லா நான்."

அதன்பிறகு எந்த ஊருக்கு ஆட்டத்துக்குக் கூப்பிட்டாலும், அந்த ஊர்க்காரர்கள் எந்தெந்தக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் நான் விசிலை வாயில் வைத்தேன்.