மூன்று விரல் கண்

கிளிவெட்டிப் பக்கத்தில் எங்கள் குளம். அதன் மீனவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வலைக் கண்ணுக்குள் மூன்று விரல் நுழையவேண்டும் என்பது விதி. அதைவிடச் சின்னக் கண்ணென்றால் குஞ்சு மீனும் அகப்பட்டுவிடும். அளப்பது நான், என் விரலால்.

காலையில் கரைக்கு வரும் திலாப்பியாக்களில் பத்தை ஓரடி அடிமட்டத்தில் வைத்து, நீளத்தைக் கொப்பியில் எழுதுவதும் என் வழக்கம். நூல் வலைகள் போய்த் தங்கூசி என்கிற நைலான் இழை வலைகள் வந்தபின் நீளம் குறையத் தொடங்கியது. தங்கூசி தண்ணீரில் தெரியாது. அது போதாதென்று தடியால் தண்ணீரை அடித்து மீனை வலைக்கு விரட்டினோம். கடைசியில் வந்தவை உள்ளங்கைக்குள் அடங்கின.

கூட்டத்தில் கொப்பியை வாசித்தேன். யாரோ களவாகச் சின்னக்கண் வலை போடுகிறார்கள் என்றும் சொன்னேன்.

என் மச்சான், மனைவியின் தம்பி, எழும்பினான். அவனும் குளத்தில் வலை போடுகிறவன். "அத்தான், கையைக் காட்டுங்கோ." நீட்டினேன். பக்கத்தில் தன் கையை வைத்தான். "பேனை பிடிக்கிற விரல். உங்கட மூண்டும் என்ர ரெண்டும் ஒண்டு. களவெடுத்தது ஆரெண்டு எழுதுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வலைகளையும் சரியென்று விட்டவன் நான்.

மீன்பிடி அலுவலகத்தில் அளவைக் கேட்டு, அதே அகலத்தில் ஒரு பலகைத் துண்டு சீவினேன். மறுநாள் கரையில் முதலில் என் வலையை விரித்தேன். பலகை நுழையவில்லை. அங்கேயே மேற்கயிற்றிலிருந்து வலையை அறுத்துப்போட்டேன்.

"என்ர வலையும் சரிவராதுதான்" என்று மச்சானும் என் கையிலிருந்த கத்தியை வாங்கினான். மற்றவர்கள் முணுமுணுத்தபடி அறுத்தார்கள். பலகை நுழையும் புது வலை கட்டினோம்; தண்ணீர் அடிப்பதையும் நிறுத்தினோம்.

"இரண்டு மாரி பொறுங்கோ. மீன் வளராவிட்டால் கொப்பியைத் தந்துவிட்டுப் போகிறேன்" என்றேன்.

முதல் மாதங்களில் பெரும்பாலும் வெறும் வலைதான் வந்தது. என்னைத் திட்டாதவர் இல்லை. மனைவி தோப்பூர்ச் சந்தையில் கடல் மீன் வாங்கி வந்து, என் முன்னால் வைத்து வெட்டினாள். நான் வந்த கொஞ்ச மீனையும் அளந்து எழுதினேன். நீளம் மெல்ல ஏறியது.

இரண்டாம் மாரி கழிந்த ஒரு காலை, மச்சான் ஒரு திலாப்பியாவை அடிமட்டத்தில் கிடத்தினான். வால் வெளியே நின்றது.

"அத்தான், மிச்சத்தை எதால அளப்பீங்கள்?"

"உன்ர விரலால."

அவன் வைத்தான். நான் எழுதினேன்: ஓர் அடி, மச்சானின் விரல் ஒன்று. என் கொப்பிகளில் சிவப்பு மையில் இருப்பது அந்த ஒரு வரிதான்.