கான்கிரீட் கூரை

உலகத்தில் எந்தக் குழந்தை ஏழை என்று முடிவு செய்யும் கேள்வித்தாளை எழுதுவது என் வேலை. பீர்க்கன்கரணையில் ஏரியைப் பார்த்த மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தேயிராத நாடுகளின் குழந்தைகளுக்காக அரசாங்கங்களோடு மல்லுக்கட்டுகிறேன். வருமானத்தை மட்டும் கேட்காதீர்கள், கூரை என்ன, கரண்ட் உண்டா, குழாய் உண்டா என்றும் கேளுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வறளப் பேசியவள் நான்தான். கூரைக் கேள்வியை ஒப்புக்கொண்ட அன்று ஆபீசில் கேக் வெட்டினோம்.

அதே கேள்வித்தாளோடு எங்கள் தெருவுக்கும் கணக்கெடுக்க வந்தார்கள். பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. பூச்சு வேலைகூட முடியாத கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் குடும்பம் குடியிருந்தது. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம், மகளுக்கு அடுத்த பள்ளி. ஏழாவது வருவதற்குள் நான்கு பள்ளி பார்த்துவிட்டாள். கணக்கெடுப்பின் ஏழைப் பட்டியலில் பேர் வந்தால் அரசு விடுதியில் தங்கி ஒரே இடத்தில் படிக்கலாம். வரவில்லை. அவள் அம்மா வந்து, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்றாள்.

விசாரித்தேன். கூரை, கான்கிரீட். கரண்ட், உண்டு. குழாய், உண்டு. ஆகவே ஏழை இல்லை. அடுத்தவர் வீட்டைக் கட்டி முடிக்கும்வரை அதற்குள் குடியிருக்கும் மனிதர்கள் எங்களில் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. தாம்பரத்தைத் தாண்டினால் தெருவுக்கு இரண்டு கட்டடம் எழும்புகிறது, எனக்கே வரவில்லை. வெட்கக்கேடு.

திருத்தச் சொல்லி மேலே எழுதினேன். இடையில் கேள்வியை மாற்றினால் நாடுகளை ஒப்பிட முடியாமல் போகும் என்று பதில் வந்தது. முன்பு வேறொருவர் கேட்டபோது நானே எழுதிக் கொடுத்த பதில் அது. இத்தனை வருடத்தில் ஒரு குழந்தையாவது என்னால் நிமிர்ந்ததா என்று அன்று யோசித்தேன். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.

கட்டடம் முடிந்தது. கேளம்பாக்கத்தில் அடுத்த வேலை. இந்த முறை பள்ளி வேண்டாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றாள் அம்மா. என்னை அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மினி லாரியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கணக்கெடுக்க வந்தபோது அம்மா மண் சுமந்துகொண்டிருந்ததால் பதில் சொன்னது அவள்தானாம்.

“நான் எதுனா தப்பா சொல்லிட்டனா ஆன்ட்டி? இருக்கறதத்தான் சொன்னேன்.”

எல்லாம் சரியாகத்தான் சொன்னாய் என்றேன். கேள்வியை எழுதியது யார் என்று சொல்ல வாய் வரவில்லை. லாரி போனது. மூன்று மணிக்கு மீட்டிங் இருந்தது, மாடிக்குப் போய் உட்கார்ந்தேன்.